டீலர் கடை மூடிய பிறகு

ஷோரூம் மூடப்பட்ட செய்தி வண்டி வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் வந்து சேர்கிறது. சர்வீஸுக்கு நாள் கேட்டு அழைத்தால் யாரும் போனை எடுப்பதில்லை. நேரில் போனால் பெயர்ப்பலகை இறங்கியிருக்கிறது. "போன மாசமே காலி பண்ணிட்டாங்க சார்" என்கிறார் பக்கத்துக் கடைக்காரர். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு வீடு திரும்பும்போது, வாங்கிய பைக் பாதி விலைக்கு இறங்கிவிட்டதோ என்ற கலக்கம் வந்துவிடுகிறது.

அந்தக் கலக்கத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் நிலைமையைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி தீர்க்கக்கூடியது. ஒரு டீலர் கடை மூன்று வெவ்வேறு சேவைகளை ஒரே கூரையின் கீழ் தருகிறது. நிறுவனத்தின் சார்பில் வாரண்டி, அசல் உதிரி பாகம், அந்த மாடலைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகள் ஆகியவையே அவை. கடை மூடும் நாளில் மூன்றும் ஒன்றாகக் கண்ணைவிட்டு மறைகின்றன. ஆனால் மூன்றும் போய்ச் சேரும் இடங்கள் வேறு வேறு. வாரண்டிப் பொறுப்பு நிறுவனத்திடம் நிற்கிறது. பாகங்கள் பல கடைகளில் சிதறிக் கிடக்கின்றன. பழகிய கைகள் பெரும்பாலும் அதே ஊரில் இன்னொரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கின்றன. மூடிய கடைக்கு இணையாக இன்னொரு கடையைத் தேடி அலைவதைவிட, மூன்றையும் தனித்தனியாகத் தேடுவதே பலன் தரும். இந்த அத்தியாயமும் அந்த வரிசையில்தான் செல்கிறது.

முதல் கேள்வி: மூடியது யார்?

டீலர் கடை மூடப்படுவதில் மூன்று வகைகள் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் எடுக்கும் எந்த முடிவும் அவசர முடிவாகவே இருக்கும்.

முதல் வகையில் டீலர் மட்டும் விலகுகிறார், நிறுவனம் நாட்டில் தொடர்ந்து இயங்குகிறது. விலை உயர்ந்த பைக்குகளை விற்கும் கடைகளில் இது அடிக்கடி நடக்கிறது. காரணம் எளிய கணக்கு. 2019-20 நிதியாண்டில் ஹார்லி-டேவிட்சன் இந்தியாவில் விற்ற வண்டிகள் 2,500-க்கும் குறைவு. அவற்றை விற்க நாடு முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட டீலர் கடைகள் இருந்தன. சராசரியாக ஒரு கடைக்கு மாதம் ஆறேழு வண்டிகள். முக்கியச் சாலையில் கண்ணாடிச் சுவர் ஷோரூம், நிறுவனம் சொன்ன அளவில் உள்ளலங்காரம், பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள், ஸ்டாக்கில் நிற்கும் வண்டிகளுக்கு வட்டி என எல்லாவற்றையும் அந்த ஆறேழு வண்டிகள் தாங்க வேண்டும். பல ஊர்களில் தாங்க முடிவதில்லை. இப்படி டீலர் மட்டும் விலகும்போது வண்டிக்காரரின் உரிமைகள் அப்படியே இருக்கின்றன. வாரண்டியைத் தருவது உற்பத்தியாளர் என்பதால், நாட்டில் உள்ள எந்த அங்கீகரிக்கப்பட்ட மையத்திலும் அது செல்லும். தூரம்தான் கூடுகிறது.

இரண்டாவது வகை கைமாற்றம். பிராண்டை இன்னொரு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. இந்தியாவில் இதற்கு எடுத்துக்காட்டுகள் ஏராளம். பஜாஜ் ஷோரூம்கள் வழியே விற்றுவந்த கவாஸாகி, 2017 ஏப்ரல் 1 முதல் பிரிந்து தன் சொந்த டீலர்களிடம் சென்றது. புனேயைச் சேர்ந்த டி.எஸ்.கே. மோட்டோவீல்ஸ் கொண்டுவந்த பெனெல்லி, அந்தக் குழுமம் நெருக்கடியில் சிக்கிய பின் 2018-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த மகாவீர் குழுமத்துக்குப் போனது. ஹியோசங் வாங்கியவர்களின் அனுபவம் இன்னும் சிக்கலானது. 2011-ல் கார்வாரே, அடுத்த ஆண்டு டி.எஸ்.கே., 2018-ல் கைனெட்டிக் குழுமத்தின் மோட்டோராயல் என்று பத்தாண்டு முடிவதற்குள் மூன்று நிறுவனங்களின் வாசலை அவர்கள் பார்க்க வேண்டியிருந்தது.

கைமாற்றங்களில் அதிகம் பேசப்பட்டது ஹார்லி. 2020 செப்டம்பர் 24 அன்று அந்நிறுவனம் இந்திய விற்பனையை நிறுத்துவதாகவும் ஹரியானாவின் பாவல் ஆலையை மூடுவதாகவும் அறிவித்தது. அக்டோபர் 27 அன்று ஹீரோ மோட்டோகார்ப் நிறுவனத்துடன் உடன்பாடு வெளியானது. விற்பனை, சர்வீஸ், உதிரி பாகம் மூன்றையும் ஹீரோ ஏற்றது. பழைய டீலர்களில் ஒரு பகுதியினர் மட்டும் புதிய ஏற்பாட்டில் தொடர்ந்தார்கள். இரண்டு அறிவிப்புகளுக்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஐந்து வாரம். அத்தகைய இடைவெளியில் பதறி விற்பவருக்கு நல்ல விலை கிடைக்காது. 2023 ஜூலையில் அதே கூட்டணி எக்ஸ்440 மாடலை அறிமுகப்படுத்தி ஹார்லி பெயரை இன்னும் பலரிடம் கொண்டுசென்றது.

கைமாற்றத்திலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. பிராண்ட் தொடர்வதும் மாடல் தொடர்வதும் ஒன்றல்ல. பாவல் ஆலையில் தயாரான ஸ்ட்ரீட் 750 ஆலையோடு நின்றுபோனது. அதை வைத்திருப்பவருக்கு ஹார்லி பெயர்ப்பலகை பக்கத்திலேயே இருந்தாலும், அந்த மாடலுக்கே உரிய பாகத்துக்குக் காத்திருக்க நேரலாம். அதனால் புதிய டீலரிடம் கேட்க வேண்டியது, "இந்த பிராண்டை சர்வீஸ் செய்வீர்களா?" என்பதல்ல. "இந்த மாடலுக்கு, இந்த ஆண்டு வண்டிக்கு, பாகம் எத்தனை நாளில் வரும்?" என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது வகையில் பொறுப்பேற்க யாருமே வருவதில்லை. அமெரிக்கப் பெயருடன் வந்த யூ.எம். 2016-ல் ரெனிகேட் வரிசையை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வண்டிகள் உத்தராகண்டின் காஷிப்பூரில் தயாராயின. சில ஆண்டுகளிலேயே இயக்கம் நின்றது. டீலர்களும் வாடிக்கையாளர்களும் ஒருசேரக் கைவிடப்பட்டார்கள். இதற்கு நேர் எதிரான முன்மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் போலாரிஸ் நிறுவனம் 2017 ஜனவரி 9 அன்று தன் விக்டரி பைக் பிரிவை மூடியபோது, பத்து ஆண்டுகளுக்குப் பாகங்கள் கிடைக்கும் என்றும் வாரண்டி மதிக்கப்படும் என்றும் அதே அறிவிப்பில் சொன்னது. மூடுவதையும் பொறுப்போடு செய்ய முடியும் என்பதற்கு அது சான்று. அமெரிக்க மாநிலங்களில் டீலர்களைக் காக்கத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. இந்தியாவிலும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்று வாகன டீலர்களின் கூட்டமைப்பான ஃபாடா தொடர்ந்து கேட்டுவருகிறது. அது வெறும் வியாபாரிகளின் கோரிக்கை அல்ல. டீலர் திடீரென்று தெருவுக்கு வரும்போது, அவரிடம் வண்டி வாங்கியவரும் கூடவே தெருவுக்கு வருகிறார்.

முதல் இரண்டு வாரத்தில் சேர்க்க வேண்டியவை

மூடும் பேச்சு அடிபடும்போதே சில வேலைகளை முடித்துவிட வேண்டும். கடையில் ஆட்கள் இருக்கும்வரை இவை எளிது. அதன் பிறகு ஒவ்வொன்றும் அலைச்சல்.

வண்டி சர்வீஸுக்காக உள்ளே நின்றால் அதுதான் முதல் வேலை. ஜாப் கார்டைக் காட்டி, வேலை அரைகுறையாக இருந்தாலும் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். கழற்றிய பாகங்கள் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பெற்றுக்கொள்வது முக்கியம். ஒரு போல்ட் தொலைந்தால்கூட அடுத்த பட்டறையில் வேலை நிற்கும். எடுக்கும்போது கிலோமீட்டர் அளவையும் வண்டியின் நாலு பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து சர்வீஸ் வரலாறு. எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்ற விவரம் டீலரின் கணினியில் இருக்கும். அதை அச்செடுத்து முத்திரையோடு வாங்கிவிட வேண்டும். வாரண்டி கேட்கும்போதும், பின்னாளில் வண்டியை விற்கும்போதும் அந்தத் தாள்தான் பேசும். மாற்றுச் சாவி, சாவிக் குறியீட்டு எண் பொறித்த சிறு தகடு, சாவியில்லா வண்டிகளின் ரகசிய எண் ஆகியவை வீட்டில் இருக்கின்றனவா என்றும் சரிபார்க்க வேண்டும். இம்மொபிலைசர் உள்ள வண்டியில் இருக்கும் ஒரே சாவியும் தொலைந்தால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். டீலர் இல்லாத ஊரில் வாரக்கணக்கிலும் இழுக்கும்.

புது வண்டி என்றால் பதிவு வேலையைப் பார்க்க வேண்டும். படிவம் 21 எனப்படும் விற்பனைச் சான்றைத் தருவது டீலர். படிவம் 22 எனப்படும் சாலைத்தகுதிச் சான்று உற்பத்தியாளருடையது. இரண்டும் இன்வாய்ஸும் கையில் இருந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வழி பிறக்கும். 2019 ஏப்ரல் முதல் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டைப் பொருத்தித் தரும் பொறுப்பும் விற்பவருடையதே. அது நிலுவையில் இருந்தால் நிறுவனத்துக்கு உடனே எழுத வேண்டும். டீலர் மூலம் வாங்கிய கடன் என்றாலும் ஒப்பந்தம் வங்கியோடுதான். கடை மூடிவிட்டது என்று மாதத் தவணையை நிறுத்தினால் பாதிப்பு வாடிக்கையாளரின் கடன் வரலாற்றுக்குத்தான்.

முன்பணம் கட்டிய சர்வீஸ் திட்டங்களில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் பார்வைக்கு ஒரே மாதிரித் தாளில் வரும். ஆனால் அதில் கையெழுத்திட்டவர் நிறுவனமா, டீலரா, காப்பீட்டாளரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நிறுவனத்தின் திட்டம் என்றால் அடுத்த மையத்தில் செல்லும். டீலரின் சொந்தத் திட்டம் என்றால், மீதித் தொகையைத் திருப்பிக் கேட்டு ரசீது நகலோடு பதிவுத் தபாலில் எழுதிவிட வேண்டும். கடை உள்ளூரில் இருந்தவரை வாய்ச்சொல் போதும் என்றிருந்த விஷயங்களுக்கும் இப்போது எழுத்து வேண்டும்.

வாரண்டி: சட்டம் எந்தப் பக்கம்?

டீலர் போன பிறகு பக்கத்துப் பட்டறையில் ஆயில் மாற்றினால் வாரண்டி முழுக்கப் போய்விடுமா? பெரும்பாலோருக்கு வரும் முதல் பயம் இது.

இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்கள் மீது அளித்த உத்தரவு இங்கே நினைவுகொள்ளத்தக்கது. உதிரி பாகங்களையும் பழுதுநீக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்காமல் முடக்கியதற்காகச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. வெளிப் பட்டறையில் வேலை செய்தால் வாரண்டி முழுவதும் ரத்து என்று ஒட்டுமொத்தமாக நிபந்தனை போடக் கூடாது என்றும் ஆணையம் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன. வழக்கும் கார்களைப் பற்றியதுதான். ஆனாலும் அதன் தர்க்கம் இரு சக்கர வண்டிக்காரரும் தன் கடிதத்தில் எடுத்துவைக்கக் கூடியது.

அமெரிக்காவில் இது நேராகவே பைக்குகளைத் தொட்டது. 2022 ஜூனில் அந்நாட்டு மத்திய வர்த்தக ஆணையம் ஹார்லி-டேவிட்சன் நிறுவனத்தின் வாரண்டி வாசகங்கள் மீது நடவடிக்கை எடுத்தது. அங்கீகாரம் பெறாத பட்டறையில் சர்வீஸ் செய்வதால் மட்டுமே வாரண்டி ரத்தாகாது என்று வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்க அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

நடைமுறையில் இதன் பொருள் இதுதான்: வெளியில் வேலை செய்தால், அதை நிரூபிக்கும்படி செய்ய வேண்டும். சர்வீஸ் கையேடு சொல்லும் கிலோமீட்டரில், கையேடு சொல்லும் தரத்தில் ஆயில் வாங்கி, பில்லில் வண்டி எண்ணும் கிலோமீட்டரும் எழுதச் சொல்ல வேண்டும். வாரண்டி காலம் முடியாத வண்டி என்றால் எஞ்சின் பிரிப்பு, மின்னணு வேலை போன்றவற்றை வெளியே தொடாமல், தூரமானாலும் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே கொண்டுசெல்வது நல்லது. மையம் வெகு தூரத்தில் இருந்தால், வண்டியை ஏற்றிச் செல்லும் செலவை யார் ஏற்பது என்று நிறுவனத்திடம் முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வைக்கலாம்.

நிறுவனம் பதில் தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலும் பேசலாம். அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம், நிறுவனத்தின் தலைமையகம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணமும் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

டீலர் போனதால் கைநழுவும் இன்னொன்று, திரும்ப அழைப்பு அறிவிப்பு. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்ட் நிறுவனம் இக்னிஷன் காயில் குறைபாட்டுக்காக 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. இப்படிப்பட்ட வேலையை நிறுவனம் இலவசமாகவே செய்து தருகிறது. வழக்கமாக டீலர்தான் போன் செய்து கூப்பிடுவார். அவர் இல்லாத நிலையில், நிறுவன இணையதளத்தில் 17 எழுத்து-எண் கொண்ட சேசிஸ் எண்ணைப் போட்டு ஆண்டுக்கு இரண்டு முறையாவது உரிமையாளரே பார்த்துக்கொள்ள வேண்டும். முகவரியும் செல்பேசி எண்ணும் மாறியிருந்தால் நிறுவனத்துக்கு நேரடியாகத் தெரிவித்துவிட வேண்டும்.

பாகங்கள்: பெயரைவிட எண் பெரிது

பாகம் கிடைக்காது என்ற பயத்தில் பாதி, வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்பதால் வருவது. "இந்த பைக்குக்கு வீல் பேரிங் இருக்கா?" என்றால் கடைக்காரர் உதடு பிதுக்குவார். "6204 சீல் வச்ச பேரிங்" என்றால் எடுத்து மேசையில் வைப்பார். 6204 என்ற எண்ணுக்கு உலகம் முழுக்க ஒரே அளவுதான்: உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47, தடிமன் 14. அது எந்த நாட்டு பைக்கில் இருந்தாலும் மாறாது.

ஆயில் சீலின் மேலேயே மூன்று அளவுகளும் பொறிக்கப்பட்டிருக்கும். செயினுக்கும் இப்படித்தான். 428 என்றால் கண்ணிகளுக்கு இடையே 12.7 மி.மீ. 520, 525, 530 மூன்றிலும் இடைவெளி ஒரே 15.875 மி.மீ., அகலம் மட்டும் வேறு. ஸ்பார்க் பிளக்கில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடக்கூட வெப்பத்தை வேகமாக வெளியேற்றும் குளிர் வகை. பாஷ் நிறுவனத்தில் அந்த வரிசை தலைகீழ். எண்ணைப் பார்த்து ஊகிக்காமல் ஒப்பீட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் மாற்று வாங்க வேண்டும்.

ஆயிலுக்கு, எஞ்சினும் கிளட்சும் ஒரே ஆயிலில் ஓடும் பைக்குகளில், டப்பாவின் பின்புறம் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற தரக்குறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும் அபாயம் உண்டு. பிரேக் ஆயிலில் டாட் 4 கேட்கும் வண்டிக்கு, சிலிக்கான் அடிப்படையிலான டாட் 5-ஐக் கலக்கவே கூடாது.

மாடலுக்கே உரிய பாகங்களுக்குப் பாக எண்தான் சாவி. ஒவ்வொரு மாடலுக்கும் பிரித்துவைத்த வரைபடங்களோடு பாகப் பட்டியல்கள் வெளியாகின்றன. ஹோண்டாவின் எண்களில் முதல் ஐந்து இலக்கம் பாகம் எது என்பதையும், நடு மூன்று அது எந்த மாடலுக்காக முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதையும் சொல்லும். அதனால் ஒரே பாகம் வேறு எந்த வண்டியில் பொருந்துகிறது என்று கண்டுபிடிக்க முடியும். நின்றுபோன மாடலுக்கு, இன்றும் ஓடும் இன்னொரு மாடலின் பாகம் அப்படியே உட்காரும் வாய்ப்பு உண்டு. பிரேக் காலிப்பர்களில் இது இன்னும் எளிது. பல பிராண்டுகள் ஒரே தயாரிப்பாளரின் காலிப்பரை வாங்கிப் பொருத்துவதால், பேட் வடிவத்தை வைத்தே மாற்று தேடலாம்.

சென்னையில் இந்தத் தேடல் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் தொடங்குகிறது. ஜி.பி. ரோடு என்று எல்லாரும் சொல்லும் அந்தச் சாலையில் இரு சக்கர வண்டி உதிரி பாகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பழைய வண்டிகளின் பாகங்களுக்குப் புதுப்பேட்டை. இரண்டு இடத்துக்கும் பழைய பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே சரி. புதுப்பேட்டையில் வாங்கும்போது பில் கேட்டு வாங்க வேண்டும். எஞ்சின் எண், சேசிஸ் எண் உள்ள பாகங்களை ஆவணமில்லாமல் வாங்குவது காவல் நிலையம் வரை இழுத்துவிடும்.

எங்குமே கிடைக்காத புஷ், ஸ்பேசர், ஃபுட்ரெஸ்ட் தாங்கி போன்றவற்றை லேத் பட்டறையில் கடைந்து செய்துகொள்ளலாம். ஆனால் எல்லை ஒன்று உண்டு. பிரேக் டிஸ்க், ஆக்ஸில், ஸ்டீயரிங் பாகங்கள், ஃபோர்க் பிடிக்கும் கிளாம்ப் போன்றவற்றில் லோக்கல் வேலைக்கு இடமே இல்லை. அவற்றுக்கு அசல் பாகம் வரும்வரை வண்டி நிற்கட்டும்.

டீலர் போன பின்னும் வண்டி எத்தனை காலம் ஓடும் என்பதற்கு மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை சாட்சி. 1961-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலை 1996-ல் மூடியது. ஜாவா பெயர் புது வண்டியில் மீண்டும் வந்தது 2018 நவம்பரில்தான். இடைப்பட்ட இருபத்திரண்டு ஆண்டுகள் அந்த பைக்குகளுக்கு நிறுவனமும் இல்லை, டீலரும் இல்லை. தனி மெக்கானிக்குகளும், பாகம் கடைந்து தந்த சிறு பட்டறைகளும், ஒருவருக்கொருவர் உதிரி கொடுத்துதவிய உரிமையாளர் குழுக்களும் அவற்றை ஓட வைத்தார்கள். யமஹா ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றும் கால் நூற்றாண்டுக்கு மேலாகிறது. அதற்கு வேலை தெரிந்த மெக்கானிக்கைத் தமிழ்நாட்டின் எந்த ஊரிலும் கண்டுபிடித்துவிடலாம். வண்டி வைத்திருப்போர் குழு ஒன்றில் சேருவதே பாகம் தேடுபவரின் முதல் முதலீடு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது நாலைந்து பேர் சேர்ந்தால் அனுப்பும் செலவும் பங்காகும். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகே பணம் கட்ட வேண்டும்.

கைகள்: மெக்கானிக்கைத் தேர்ந்தெடுப்பது

மூடிய கடையின் மெக்கானிக் எங்கே போனார் என்று கேட்பதுதான் முதல் கேள்வி. பக்கத்து டீக்கடையில் பதில் கிடைக்கலாம். நிறுவனம் தந்த பயிற்சி அவரோடுதான் போயிருக்கிறது. பலர் சொந்தமாகப் பட்டறை வைக்கிறார்கள், அல்லது இன்னொரு பிராண்டின் சர்வீஸ் மையத்தில் சேர்கிறார்கள்.

அவர் கிடைக்காவிட்டால் புதியவரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டறையில் நின்று கால் மணி நேரம் கவனித்தாலே நிறையத் தெரியும். டார்க் ரெஞ்ச் சுவரில் தொங்குகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா? கழற்றிய போல்ட்டுகளைத் தட்டில் வரிசையாக வைக்கிறாரா? எஞ்சின் பிரிக்கும் இடம் தெருத் தூசியிலிருந்து தள்ளி இருக்கிறதா? இந்த மாடலின் சர்வீஸ் மேனுவல் வேண்டுமா என்று கேட்டால் வாங்கிப் பார்க்கிறாரா, "அதெல்லாம் வேணாம்" என்கிறாரா? தனக்குத் தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்பவரிடம் தெரிந்த வேலையை நம்பிக் கொடுக்கலாம்.

முதல் நாளே பெரிய வேலையைக் கொடுக்கக் கூடாது. ஆயில் மாற்றுவது, செயின் சரிசெய்வது, பிரேக் பேட் மாற்றுவது போன்ற சின்ன வேலையில் தொடங்கலாம். பழைய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லலாம். ஆயில் போல்ட்டுக்குப் புது வாஷர் போட்டாரா, செயின் தளர்வை அளந்து பார்த்தாரா என்பதில் அவர் கைப்பக்குவம் தெரிந்துவிடும்.

எல்லா வேலையும் ஒரே பட்டறையில் நடக்க வேண்டிய அவசியமில்லை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் எஞ்சினைக் கண்காணிக்கும் ஓ.பி.டி. அமைப்பு இருக்கிறது. புது வண்டிகள் பலவற்றில் சிவப்பு நிற ஆறு ஊசி இணைப்பும் உண்டு. பொது ஸ்கேனர் அதில் பிழைக் குறியீடுகளைப் படித்துவிடும். ஆனால் புது சாவியைப் பதிவதும் எஞ்சின் மென்பொருளை மாற்றுவதும் நிறுவனத்தின் சொந்தக் கருவி இல்லாமல் பெரும்பாலும் நடக்காது. சில வண்டிகளின் ஏ.பி.எஸ். அமைப்பில் காற்றை முழுதாக வெளியேற்றவும் அந்தக் கருவி வேண்டும். டுகாட்டியின் வால்வு சரிசெய்தல் போன்ற வேலைக்கு அந்த எஞ்சினில் பழகிய கை தேவை. ஆகவே ஆயில், செயின், பிரேக், டயர், பேரிங், கோன் செட் உள்ளூரில், மின்னணுவும் எஞ்சின் உள்வேலையும் ஆண்டுக்கு ஒருமுறை பெருநகர மையத்தில் என்று பிரித்துக்கொள்வது செலவையும் அலைச்சலையும் ஒருசேரக் குறைக்கும். சென்னை, பெங்களூர், கோவை போகும் பயணத்தோடு அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

விபத்து நேர்ந்தால் காப்பீட்டில் ஒரு மாற்றம் வரும். மூடிய கடை பணமில்லாச் சேவைப் பட்டியலில் இருந்திருக்கும். புதிய பட்டறை அதில் இல்லாவிட்டால் உரிமையாளர் பணம் கட்டிப் பிறகு திரும்பப் பெற வேண்டும். வண்டியைப் பிரிக்கும் முன் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, சர்வேயர் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். பாலிசியைப் புதுப்பிக்கும்போது, அருகில் எந்தப் பட்டறை பட்டியலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வைத்துக்கொள்வதா, விற்பதா?

முடிவெடுக்க மூன்று விவரங்கள் போதும்: அடுத்த பெரிய சர்வீஸ் எத்தனை கிலோமீட்டரில் வருகிறது, அதற்குத் தேவையான பாகங்கள் இன்றைய தேதியில் என்ன விலை, எத்தனை நாளில் வரும். ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், செயின் செட், ஃபோர்க் ஆயில் சீல், கேபிள்கள் என்று ஒரு பட்டியல் எழுதி இரண்டு இடத்தில் விலை கேட்டால் படம் தெளிவாகிவிடும். பெரும்பாலானவை கிடைத்தால் வைத்துக்கொள்ளலாம், கிடைப்பவற்றில் இரண்டு செட் வாங்கி வீட்டில் வைக்கலாம். ரப்பர் பாகங்களை மட்டும் சேமிக்க வேண்டாம், அவை கிடந்தே கெட்டுவிடும். எஞ்சினின் மின்னணுப் பெட்டி, ஏ.பி.எஸ். யூனிட் போன்ற பெரிய பாகங்கள் எங்குமே இல்லை, மாற்றும் இல்லை என்றால், வண்டி நன்றாக ஓடும்போதே, உண்மை நிலையைச் சொல்லி விற்றுவிடலாம். அந்த மாடலை நேசிக்கும் குழுவுக்குள் விற்றால் விலையும் ஓரளவு நிற்கும்.

அடுத்த வண்டி வாங்கும்போது இந்தப் பட்டியலை முன்கூட்டியே கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டும். விற்பனைப் பிரிவுக்குப் போகும் முன் சர்வீஸ் பிரிவுக்குப் போய், அங்கே வேலைக்காகக் காத்திருக்கும் உரிமையாளர்களிடம் பேசலாம். இந்தக் கடை மூடினால் அடுத்த அங்கீகரிக்கப்பட்ட மையம் எத்தனை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது, எஞ்சின் இந்தியாவில் தயாராகிறதா அல்லது முழுதாக இறக்குமதியா, நீட்டிக்கப்பட்ட வாரண்டியில் கையெழுத்திடுவது யார் என்ற மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு, அதன் பிறகே முன்பணம் கட்டலாம்.